கேமராவை விடுங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் 70 வயதைத் தாண்டிய கைத்தறி நெசவாளர்களை அவரவர் வீட்டிலேயே பேட்டி எடுத்து, வீடியோ பாட்காஸ்டாக வெளியிட நானும் நண்பரும் திட்டமிட்டிருக்கிறோம். கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கலாம்? எந்தக் கிழமை போட்டால் வியூஸ் கூடும்? முதல் எபிசோடைப் பொங்கலன்றே விட்டுவிட ஆசை.

செ., சின்னாளபட்டி

அன்புள்ள செ.,

முதியவர்களின் பேட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஓடுவதை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. படம் பளிச்சென்று இருக்கிறது, பேச்சோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பாவு (தறியின் நீளவாட்டு நூல்) பிணைப்பதைப் பற்றி ஒரு பெரியவர் சொல்வதில் பாதி, ஃபேன் சத்தத்தில் போய்விடுகிறது. இன்னொரு தடவை கேட்டால் அவர் அப்படியே சொல்லமாட்டார்.

கிழமை எதுவானால் என்ன, மாறாமல் இருந்தால் சரி. கேமராவும் வேண்டாம், போன் போதும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதற்கேற்பத்தான் துடிக்கும். 1/60 வைத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை ஓடும். ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் வரும் ஒரு அழைப்பு பதிவையே கெடுத்துவிடும். கேமரா விஷயம் முடிந்தது.

இனி ஒலி. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபல் இறங்கும். அறையின் எதிரொலி இறங்காது. ஆறடி தள்ளி வைத்த மைக், எத்தனை ஆயிரம் போட்டு வாங்கினாலும், அறையைத்தான் பதிவு செய்யும். ஆளுக்கொரு காலர் மைக் வேண்டும், தாடைக்கு ஒரு சாண் கீழே. பெண்களுக்குத் தாலிக்கொடி மைக்கில் இடித்து, அசையும்போதெல்லாம் டிக் டிக் என்று விழும். கஞ்சி போட்ட சேலையும் உரசும். கொடியை உள்ளே விட்டு, மைக்கை உரசாத இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். அதை நீங்கள் செய்யாதீர்கள், வீட்டுப் பெண் யாரையாவது செய்யச் சொல்லுங்கள். பதிவின் ஒலி மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். உங்களில் ஒருவர் ஹெட்போனைக் கழற்றவே கூடாது.

டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் கை தட்டிப் பாருங்கள். ஓசை திரும்பி வந்தால் ஜமுக்காளம் விரியுங்கள். பேசுபவருக்கு எதிரே, கேமராவுக்குப் பின்னால், இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். குரல் போய் மோதுகிற இடம் அது. ஃபேனை அணைத்தால் வேர்க்கும். அதனால் காலை 6 மணிக்கே ஆரம்பித்து, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஃபேனைப் போட்டுத் தண்ணீர் கொடுங்கள். பக்கத்து வீட்டுத் தறியும் அந்நேரம் பெரும்பாலும் ஓடாது. தறிச் சத்தம் வேண்டுமென்றால் தனியாக எடுத்துக்கொள்ளலாம். பிரிட்ஜையும் நிறுத்துங்கள், திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள்.

"சத்தத்தை சாஃப்ட்வேரில் எடுத்துக்கலாம்" என்று நண்பர் சொல்வார். காதில் வாங்காதீர்கள்! இரைச்சலை எடுக்கும்போது சொற்களின் முடிவில் தேய்ந்து இறங்கும் மெல்லிய ஒலிகளையும் அது சேர்த்து அரித்துவிடும். வயதானவர்கள் பேச்சில் அந்த ஒலிகள் ஏற்கெனவே மங்கித்தான் வருகின்றன. 80,000 ரூபாயையும் லென்ஸில் போட்டுவிட்டு அவர் குரலைக் கெடுப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை.

பொங்கலுக்கு அவசரப்படாதீர்கள். ஒரு எபிசோடை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால், ஒருவருக்குக் காய்ச்சல், ஒரு வீட்டில் துக்கம் என்று மூன்றாவது வாரமே தொடர் நின்றுவிடும். ஆறு எபிசோடுகள் எடிட் முடிந்து தயாரான பிறகு முதலாவதை விடுங்கள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. யூடியூபில் பிளேலிஸ்ட் உண்டாக்கி, அதைப் பாட்காஸ்ட் என்று குறித்து, சதுரப் படம் ஒன்று ஏற்றவேண்டும். 3000க்கு 3000 பிக்சலில் செய்துவிட்டால் அதே படம் ஆப்பிள் பாட்காஸ்டுக்கும் ஆகும்.

மிச்சப் பணத்தில் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை நண்பர் வீட்டிலும் வையுங்கள். இரண்டிலும் ஏற்றி, திறந்து ஓட்டிப் பார்க்காமல் போனில் உள்ளதை அழிக்காதீர்கள்.