ஆணில்லாப் பல்லிகள்

கேள்வி: ஆணே இல்லாத பல்லி இனம் உண்டாமே? தன் நகலையே பெற்றுக்கொண்டிருந்தால் மரபணு வேறுபாடு அழிந்துவிடாதா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ சாட்டைவால் பல்லி அத்தனையும் பெண்தான். இரு வேறு இனங்கள் கூடிப் பிறந்த கலப்பினம் அது. வழக்கமாகக் கருமுட்டை உருவாகும்போது தாய்வழிக் குரோமோசோமும் (மரபணுக்களைத் தாங்கும் இழை) தந்தைவழிக் குரோமோசோமும் ஜோடி சேரும். இந்தப் பல்லி செய்வது வேறு. முதலில் 46 குரோமோசோம்களை 92 ஆக்கிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொன்றும் தன் சொந்த நகலோடு ஜோடி சேர்கிறது. பாதியாகப் பிரிந்தாலும் முட்டையில் 46 இருக்கும், விந்தணு தேவையில்லை. இரு மூதாதை இனங்களின் வேறுபாடும் அப்படியே மகளுக்குப் போய்விடும்.

இந்தக் கலப்பினத்தின் பெற்றோர் இனங்கள் எவையென்று கண்டுபிடிக்க மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது தாய்வழியில் மட்டுமே வருவதால் தந்தை இனம் கண்ணிலேயே படாது. உட்கரு மரபணுக்களையும் படிக்க வேண்டும். அங்கே ஒரே மரபணுவின் இரு வடிவங்கள், இரு இனங்களிலிருந்து வந்தவை, பக்கம் பக்கமாக நிற்கும்.

இன்னும் வேடிக்கை, 69 குரோமோசோம் கொண்ட, பெண்கள் மட்டுமே உள்ள சாட்டைவால் பல்லி இனமும் இருக்கிறது. அதை வேறோர் இனத்தின் ஆணோடு ஆய்வகத்தில் சேர்த்தபோது விந்தணுவின் 23 கூடி, 92 கொண்ட பெண்கள் பிறந்தன. அவையும் ஆணின்றியே பெருகின. 2011இல் இது வெளியானது. புதிய இனம் தோன்ற எப்போதும் லட்சக்கணக்கான ஆண்டுகள் தேவையில்லை, சில சமயம் ஒரே தலைமுறை போதும்.