மகளின் வரைபடமும் தந்தையின் பென்சிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகளுக்குப் பதினான்கு வயது. கணக்கும் அறிவியலும் நன்றாகப் படிக்கிறாள். புவியியல் என்றால் மட்டும் முகம் சுளிக்கிறாள். ஆறுகளையும் தலைநகரங்களையும் மண்வகைகளையும் மனப்பாடம் செய்து என்ன பயன் என்று அவள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. வழி தெரிய வேண்டுமென்றால் செல்பேசியிலேயே வரைபடம் இருக்கிறதே. போதாததற்கு வாரந்தோறும், ஒரே உயரமுள்ள இடங்களை வரைபடத்தில் இணைக்கும் சமஉயரக் கோடுகள் வரையும் பயிற்சி வேறு. முக்கியப் பாடங்களுக்கு நேரம் கிடைக்கட்டும் என்று இரவில் நானே அவற்றை வரைந்து கொடுத்துவிடுகிறேன். அடுத்த ஆண்டு விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். புவியியலை விட்டுவிடலாமா?

அன்புடன்,
ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசைமேல் ஒரு நிலவரைபடம் விரிந்து கிடந்தது. அதைப் படிக்கப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்ததால், உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செல்பேசி வாதத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்று அது சொல்லும்; சாலை ஏன் அந்த இடத்தில் வளைந்தது என்று சொல்லாது. மனப்பாடத்தைப் பற்றி உங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்வி. பெயர்ப்பட்டியலை ஒப்பிப்பது புவியியல் ஆகாது. ஓர் ஆறு எங்கே தோன்றி எதனால் அந்தத் திசையில் ஓடுகிறது என்று புரிந்துவிட்டால் பெயர் தானாகவே மனத்தில் தங்கும்.

ஆனால் இரவில் நீங்களே வரைந்து கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. கணக்குப் பாடத்தில் அவளுக்குப் பதிலாக நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். புவியியல் என்பதால்தான் இந்தத் துணிச்சல் வந்திருக்கிறது. அந்தப் பாடத்தில் அவளுடைய கையும் கண்ணும் அறிவும் சேர்ந்து உழைக்க வேண்டிய இடத்தை அவளிடமிருந்து பறித்துவிட்டு, மிஞ்சிய மனப்பாடத்தை மட்டும் அவள்முன் வைத்து, ஏன் பிடிக்கவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் இது தவறு.

எனக்கும் ஏறக்குறைய உங்கள் மகளின் வயது இருந்தபோது நடந்தது இது. எங்கள் ஆசிரியை அகலமான ஒரு பாத்திரத்துக்குள் களிமண்ணால் இரட்டை உச்சிகொண்ட குன்று ஒன்றைச் செய்து வைத்தார். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஊற்றி, நீரின் விளிம்பு களிமண்ணைத் தொடும் இடத்தைச் சுற்றிலும் குச்சியால் கீறச் சொன்னார். மேலும் ஒரு சென்டிமீட்டர் நீர், மேலும் ஒரு கீறல். இரண்டு உச்சிகளும் இரண்டு தீவுகளாக நிற்கும்வரை இப்படியே போனது. பிறகு நீரை வடித்துவிட்டு, முக்காலியின் மேல் ஏறி நேர் மேலிருந்து பார்க்கச் சொன்னார். செங்குத்தான பக்கத்தில் கீறல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. சரிவு குறைந்த பக்கத்தில் தள்ளித் தள்ளிக் கிடந்தன. அடிவாரத்தில் ஒரே வளையமாக இருந்த கோடு மேலே இரண்டு வளையங்களாகப் பிரிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த தாழ்வான இடம் கணவாய்.

அதைப் பார்த்து ஏட்டில் வரைந்தபோது, அவசரத்தில் நான் இரண்டு கோடுகளை ஒன்றின் குறுக்கே ஒன்றாக வெட்டவிட்டிருந்தேன். ஆசிரியை திட்டவில்லை. அந்தப் புள்ளியில் விரலை வைத்து, "இங்கே நின்றால் நீ நூறு மீட்டர் உயரத்தில் நிற்பாயா, நூற்றிருபது மீட்டர் உயரத்தில் நிற்பாயா?" என்று கேட்டார். முன்தள்ளித் தொங்கும் பாறையாக இருந்தால் ஒழிய, ஒரே இடத்துக்கு இரண்டு உயரங்கள் இருக்க முடியாது என்பது அந்தக் கேள்வியில் விளங்கிவிட்டது. பிழையை அழித்து மறுபடி வரைந்த அந்தச் சில நிமிடங்களில்தான் காகிதம் எனக்கு நிலமாக மாறியது. அப்போது வேறு யாராவது எனக்காகப் பிழையில்லாமல் வரைந்து கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இந்தக் கோடுகளின் வரலாற்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். 1774ஆம் ஆண்டு, பூமியின் அடர்த்தியை அறிவதற்காக, நெவில் மாஸ்கெலைன் என்ற வானியலாளர் ஸ்காட்லாந்தின் ஷீஹாலியன் மலையருகே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலையின் ஈர்ப்பு அதை எவ்வளவு பக்கவாட்டில் இழுக்கிறது என்று அளந்தார். அதிலிருந்து விடை காண மலையின் பருமன் தெரிய வேண்டும். அந்தக் கணக்கு சார்ல்ஸ் ஹட்டன் என்ற கணிதவியலாளரிடம் வந்து சேர்ந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். மலையை அளந்து குறித்த படம் முழுவதும் உயர எண்கள் இறைந்து கிடந்தனவே தவிர, மலையின் உருவம் பிடிபடவில்லை. சமமான உயரமுள்ள புள்ளிகளைப் பென்சிலால் மெல்லிய கோடாக இணைத்தார். மலை கண்முன் எழுந்துவந்தது. பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 4.5 மடங்கு என்று அவர் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்திருப்பது சுமார் 5.5 மடங்கு. ஒரு மலையையும் ஒரு பென்சிலையும் துணைகொண்டு அவ்வளவு அருகில் வந்திருக்கிறார்கள்.

உங்கள் மகள் கையில் இருப்பதும் அதே பென்சில்தான். 1:50,000 அளவையில் வரைந்த படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். கோடுகளுக்கிடையே உயர வேறுபாடு 20 மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டருக்குள் ஐந்து இடைவெளிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் அரைக் கிலோமீட்டர் நடப்பதற்குள் நூறு மீட்டர் ஏற வேண்டியிருக்கும். கோடே காணாத அகன்ற வெளி சமதரை. சுற்றிலும் உயர்ந்த நிலம் இருந்தால் பெருமழையில் நீர் வந்து தேங்கும் இடம் அதுவே. இவற்றைத் தானே கண்டறியும் பெண் புவியியலைப் பார்த்து முகம் சுளிப்பாள் என்று நான் நம்பவில்லை.

விருப்பப் பாடத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தீர்கள். அதை அவளே தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரு வரைபடத்தையாவது முழுதாகத் தன் கையால் முடித்த பிறகு தீர்மானிக்கட்டும். இந்த வாரம் பென்சிலை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கோடுகள் கூர்முனையாக மடங்கும் இடம் வந்ததும், அது பள்ளத்தாக்கா, மலைமுகடா என்று கேளுங்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: முனை உயர்ந்த நிலத்தை நோக்கியிருந்தால் பள்ளத்தாக்கு, தாழ்ந்த நிலத்தை நோக்கியிருந்தால் முகடு. அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.