டேப்பில் 100 அடி, கணக்கில் 86 அடி

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டம் நல்ல சரிவு. பாகம் பிரிக்க அளந்தபோது நான் டேப் பிடித்துப் பார்த்ததைவிட சர்வேயர் கணக்கு குறைகிறது. இதற்கு நடுவில் என் மகள் சர்வே படிக்கப் போகிறாளாம், அதற்கு உலகளவில் சங்கமெல்லாம் இருக்கிறதாம். என் எல்லைக்கல்லுக்கும் வெளிநாட்டுச் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் சார்?
- தோட்டக்காரர், கோத்தகிரி

பதில்: சர்வேயரைத் திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நீங்கள் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்திருப்பீர்கள். பட்டாவில் ஏறுவதோ மட்டமாகப் பிடித்த அளவு. 30 டிகிரி சரிவில் டேப் 100 அடி ஓடினால் கணக்கில் வருவது 86 அடி சொச்சம்தான். அந்தக் காலத்தில் 66 அடிச் சங்கிலியை மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொட்ட இடத்திலிருந்து அடுத்த பிடி என்று படி இறங்குவதுபோல அளந்தார்கள். அந்தச் சங்கிலியே இங்கிலாந்திலிருந்து வந்ததுதான், பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஆக, உங்கள் எல்லைக்கல்லுக்கு வெளிநாட்டுச் சம்பந்தம் எப்போதோ வந்துவிட்டது!

சங்கங்கள் விஷயத்துக்கு வருவோம். சர்வேயர்களின் உலகக் கூட்டமைப்பு பாரிஸில் 1878லேயே தொடங்கியது. நில அளவை, நிலப் பொருளாதாரத்துக்கான காமன்வெல்த் சங்கம் 1969ல் வந்தது. மாநாடு என்றால் பாதி நேரம் மாலையும் பொன்னாடையும்தான் என்பது என் அபிப்பிராயம், ஆனால் மீதிப் பாதியில் உருப்படியான காரியம் நடக்கிறது. உலகக் கூட்டமைப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2014ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. எல்லா இடத்திலும் ஒரே துல்லியம் வேண்டும் என்று அடம்பிடிக்காதே, தேவைக்குத் தக்கபடி அள என்பதுதான் அதன் சாரம். ருவாண்டா, நம்மைப்போலவே மலையும் தேயிலையுமாக இருக்கிற ஆப்பிரிக்க நாடு, அதற்கு முன்பே அப்படித்தான் செய்திருந்தது. வானிலிருந்து எடுத்த படத்தை விரித்து, பக்கத்து நிலத்துக்காரர்களையும் நிற்கவைத்து எல்லைக் கோடு போட்டு, சில வருடங்களில் சுமார் 1 கோடி நிலத்துண்டுகளைப் பதிவு செய்தார்கள்.

நாடு முழுக்க யாரிடமும் பத்திரமே இல்லாத இடத்துக்கு அது அருமையான வழி. ஆனால் அண்ணன் தம்பி அரை சென்ட்டுக்கு மல்லுக்கட்டும் இடத்தில் படத்துக் கோடு எடுபடாது, அங்கே கல்தான் வேண்டும்.

இன்றைய ஜிபிஎஸ் கருவியும் அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, சீனா விட்ட செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. இருந்தாலும் உங்கள் சில்வர் ஓக் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தால், கிளைகள் வானத்தை மறைத்து, தடுமாறும். அப்போது கோணத்தையும் தூரத்தையும் சேர்த்தே அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைத்தான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

மகளைத் தாராளமாகப் படிக்க வையுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியே 1794ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான், இப்போது அங்கே ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது நில அளவையையும் கணினி வரைபடத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் படிப்பு இருக்கிறது. அப்புறம், மறுபடி அளக்கும் நாளில் பங்காளிகள் எல்லோரையும் தோட்டத்துக்கு வரச்சொல்லுங்கள், டேப்பின் ஒரு நுனியை உங்கள் தம்பி கையிலேயே கொடுத்து மட்டமாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.