பட்டறை வெளிச்சமும் ஏற்காட்டு மஞ்சும்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 38. காலை ஏழரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டாகிவிடும். ஒரு வருடமாக எதற்கெடுத்தாலும் வீட்டில் எரிந்து விழுகிறேன், தூக்கமும் சரியில்லை. ஏற்காடு போய் வந்தால் மட்டும் இரண்டு நாள் நன்றாக இருக்கிறேன். மலைக்காற்றுதான் காரணமா? என் சுபாவமே மாறிவிட்டதா?

பதில்: பிறவிக் குணம் 37 வயதுவரை ஒளிந்திருந்துவிட்டுத் திடீரென்று எட்டிப் பார்க்காது. கெட்டிருப்பது மனநிலை, அதைச் சரிசெய்யலாம்.

காற்றைவிட எனக்கு வெளிச்சத்தின் மேல்தான் சந்தேகம். மஞ்சு மூடிய ஏற்காட்டில் என்ன வெளிச்சம் என்று நினைப்பீர்கள். டியூப்லைட் எரியும் அறையில் சுமார் 300 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். மேகமூட்டமான பகலில் வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ். இரண்டு வெளிச்சத்துக்கும் கண் பழகிக்கொள்வதால் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லவே சில செல்கள் உண்டு. நம் உடல் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும். காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. அது கிடைக்காவிட்டால் தூக்கம் தள்ளிப்போகும். தூக்கம் கெட்டவனுக்குக் கோபம் மூக்கு நுனியில். (மலையில் வேலைத் தொல்லை இல்லை என்பதும் ஒரு காரணம், மறுக்கவில்லை.)

1984இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தால் குழுவினர் விவரித்த 'பருவகால மனச்சோர்வு' நமக்கு இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் குளிர்காலப் பகல் மிகவும் சுருங்கிவிடும் உலகின் வடகோடி நாடுகளின் சங்கதி. சேலத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசமில்லை. உங்களுக்கு வெயிலை மறைப்பது பட்டறைக் கூரை.

எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். கூலிங்கிளாஸ் வேண்டாம், சூரியனை நேராகப் பார்க்கவும் வேண்டாம். டீயைப் பட்டறைக்கு வரவழைக்காமல் கடைக்கே போய் நின்று குடியுங்கள். வைட்டமின் டி மாத்திரை இதற்கு ஈடாகாது. அது தோல் சமாச்சாரம், இது கண் சமாச்சாரம்.

தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினாலோ உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம்.

மூன்று வாரம் கழித்து எழுதுங்கள். கோபம் குறைந்ததா என்பதை மட்டும் உங்கள் மனைவியைக் கேட்டு எழுதுங்கள். நீங்களாகச் சொன்னால் நம்ப மாட்டேன்.