லேவியராகமத்தில் நின்றுபோன வாசிப்பு

அன்புள்ள ஐயாவுக்கு ஸ்தோத்திரங்கள்.

புத்தாண்டு ஆராதனையன்று எங்கள் சபையில் ஓராண்டு வேத வாசிப்பு அட்டவணை கொடுத்தார்கள். காலையில் பழைய ஏற்பாடு, இரவில் புதிய ஏற்பாடு. ஆதியாகமத்தையும், யாத்திராகமத்தில் செங்கடல் வரையிலும் ஆவலோடு வாசித்தேன். இஸ்ரவேலர் தேவனைத் தொழ அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் தடுமாறினேன். லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் நின்றே போனேன். இடையில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வேறு. அட்டவணை இப்போது எண்ணாகமத்தில் இருக்கிறது. நான் இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை விட்டதையெல்லாம் வேகமாக வாசித்துப் பார்த்தேன். மனதில் எதுவும் நிற்கவில்லை. கணவர் துபாயில் வேலை செய்வதால் தனியாகத்தான் வாசிக்கிறேன். வேதத்தைத் திறந்தாலே குற்ற உணர்வு வருகிறது. சோர்ந்துபோகாமல் தொடர என்ன வழி?

வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

விடுபட்ட இரண்டு வாரத்தையும் விட்டுவிடுங்கள். நாளைக் காலை, நாளைய தேதிக்கு அட்டவணையில் எது இருக்கிறதோ அதை வாசியுங்கள். வாசிக்காத அதிகாரங்கள் வட்டி ஏறும் கடன் அல்ல. அவை அங்கேயே இருக்கும், அடுத்த ஆண்டும் வரும்.

நான் உங்களுக்குச் சலுகை காட்டுவதாக நினைக்க வேண்டாம். இன்றும் பல நாடுகளில் பின்பற்றப்படும் வாசிப்பு அட்டவணை ஒன்றை வகுத்தவர், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன். 1842ஆம் ஆண்டின் இறுதியில், வரப்போகும் புத்தாண்டுக்காகத் தம் சபையாருக்கு அதை எழுதிக் கொடுத்தார். நாளுக்கு நான்கு இடங்களில் வாசிப்பு. ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை. அட்டவணைக்கு முன்னால் அவர் எழுதியிருப்பதுதான் என்னை மிகவும் தொட்டது. இதன் நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே ஆபத்துகளைச் சொல்லிவிடுகிறார். வாசிப்பு உயிரற்ற சடங்காகிவிடலாம். வாசித்து முடித்ததே நீதி என்ற தற்பெருமை வரலாம். கவனமில்லாமல் கண் ஓடலாம். சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். அப்படி ஆகுமானால் அந்த விலங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, தேவனுடைய தோட்டத்தில் சுதந்திரமாக மேயுங்கள் என்கிறார். உங்களுக்குக் கண்ணி வைப்பது தம் விருப்பமல்ல, உங்கள் மகிழ்ச்சிக்குத் துணையாயிருப்பதே விருப்பம் என்றும் சொல்கிறார். அடுத்த மார்ச் மாதமே, 29 வயதில், அவர் காலமானார். தாம் வகுத்த அந்த ஆண்டின் அட்டவணையில் மூன்று மாதங்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்குச் சற்று அதிகமாக வாசிக்க வேண்டும். கைக்குழந்தையோ இரவுப் பணியோ உள்ளவர்களுக்கு அது பெரிய அளவுதான். இரண்டு ஆண்டுகளில் முடித்தாலும் முழு வேதத்தையும் வாசித்தவராகவே இருப்பீர்கள்.

ஆனால் லேவியராகமத்தைப் பற்றி உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டும். அதை முழுதாக இப்போது வாசிக்க வேண்டாம். ஓய்வான ஒரு ஞாயிறு மாலையில் 5, 12, 19 ஆகிய மூன்று அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில், பாவம் செய்தவன் ஆட்டைக் கொண்டுவர வேண்டும். வசதியில்லையென்றால் இரண்டு காட்டுப்புறாக்கள். அதற்கும் வழியில்லையென்றால் கொஞ்சம் மெல்லிய மாவு போதும். கையில் ஒன்றுமில்லாதவனும் வெளியே நிற்கக்கூடாது என்று சட்டமே இறங்கி இறங்கி வருகிறது! பன்னிரண்டாம் அதிகாரத்தில், பிள்ளை பெற்ற ஏழைத் தாய்க்கும் அதே புறாக்கள்தான். பிறகு லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் செலுத்த வந்த பலியாக லூக்கா குறிப்பிடுவது அந்தப் புறாக்களைத்தான். லேவியராகமம் தெரியாதவருக்கு அந்த வசனம் ஒரு தகவல். தெரிந்தவருக்கு, உலகத்தின் இரட்சகர் ஆடு வாங்க வசதியில்லாத வீட்டில் பிறந்தார் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. பத்தொன்பதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. பதினெட்டாம் வசனத்தில் நிறுத்தி நிதானமாக வாசியுங்கள்.

குற்ற உணர்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேத வசனத்தையே பாடும் 119ஆம் சங்கீதம் 176 வசனங்களுக்குப் பிறகு எப்படி முடிகிறது தெரியுமா? ‘காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக.’ வேதத்தை அவ்வளவு நேசித்தவரே அப்படித்தான் முடிக்கிறார்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது தனிமைதான். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் வேத அறிஞரான எஸ்றா மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் காலை தொடங்கி மத்தியானம் வரை வாசிக்க, ஆண்களும் பெண்களும் வீதியில் கூடிக் கேட்கிறார்கள். கேட்டு அழுகிறார்கள். அழ வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் அனுப்புங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. மெக்செய்னும் ஒரே பகுதியைச் சபை முழுவதும் ஒரே நாளில் வாசிப்பதால் வரும் ஐக்கியத்தை ஒரு பெரிய நன்மையாகச் சொன்னார். உங்கள் அட்டவணையைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்புங்கள். அவர் அங்கே வாசிக்கட்டும், நீங்கள் இங்கே வாசியுங்கள். இரவு பேசும்போது மனதில் நின்ற ஒரு வசனத்தை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். ஒருவர் தவறவிட்ட நாளில் மற்றவர் வாசித்துக் காட்டலாம். முடிந்தபோதெல்லாம் வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகள் காதிலும் விழும்.

எண்ணாகமம் 27 சில நாட்களில் வந்துவிடும். செலோப்பியாத்தின் ஐந்து பெண்கள் மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது சரியே என்று கர்த்தர் சொல்கிறார். வாசித்துவிட்டு இருவருக்கும் என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.