ஓடி முடிக்காவிட்டால் வாங்கிய பணத்துக்கு என்ன பதில்?

கேள்வி: மதுரை அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 41. என் அண்ணி மார்பகப் புற்றுநோயால் சென்ற ஆண்டு காலமானார். சிகிச்சைச் செலவுக்குக் காப்பீடு கைகொடுத்தது. ஆனால் கதிர்வீச்சுக்காகச் சென்னையில் ஐந்து வாரம் அறை எடுத்துத் தங்கியதாலும், அந்நாள்களில் அண்ணன் ஆட்டோ ஓட்டாததாலும் ஏறிய கடன் இன்னும் அடையவில்லை. மூன்று ஆண்டுகளாகக் காலையில் ஓடிவருகிறேன். பத்து கிலோமீட்டர் ஓட்டங்கள் இரண்டில் கலந்துகொண்டிருக்கிறேன். இன்னும் ஏழு மாதத்தில், ஜனவரியில், சென்னையில் முழு மாரத்தான் ஓடி இத்தகைய குடும்பங்களுக்குப் பணம் திரட்ட ஆசை. "நீ ஓடினால் யாருக்கு நோய் தீரப்போகிறது? கொடுப்பதை நேராகக் கொடுத்துவிட்டுப் போ" என்கிறார் கணவர். பிறரிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. பாதியில் நின்றுவிட்டால் பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? அண்ணியின் படத்தைப் பயன்படுத்தலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் அதில் சிக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றுகிறது.

புற்றுநோய்க்காக ஓடிப் பணம் திரட்டும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பிய ஓட்டமே பாதியில் நின்றுபோன ஓட்டம்தான். கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977இல் எலும்புப் புற்றுநோய் வந்து, வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12 அன்று, செயற்கைக் காலுடன், நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து மேற்குக் கரையை நோக்கி ஓடத் தொடங்கிய அவர், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான் தூரம் என்று 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகருக்கு அருகே, நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரியவந்து நிறுத்தவேண்டியதாயிற்று. மேற்குக் கரை இன்னும் வெகு தொலைவில் இருந்தது. அன்றுவரை சேர்ந்திருந்த தொகை சுமார் 17 லட்சம் டாலர். அவர் கேட்டதோ, கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர். அவர் நின்றுவிட்டாரே என்று மக்கள் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. 1981 பிப்ரவரிக்குள் தொகை 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டி, அன்றைய மக்கள்தொகைக்கு ஈடாகிவிட்டது. அதே ஆண்டு ஜூனில், 22 வயதில், அவர் இறந்தார்.

இதை உங்களுக்கு உற்சாகம் ஊட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் எதற்காகக் கேட்கிறார் என்பது முதல் நாளிலிருந்தே தெளிவாக இருந்தது. தன் ஓட்டத்தை வைத்து எந்த நிறுவனமும் பொருளை விற்க அவர் இடங்கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் அந்த நோக்கத்துக்குக் கொடுத்தார்களே தவிர, அவர் எல்லையைத் தொடுவாரா என்று பந்தயம் கட்டவில்லை. ஆகவே நீங்களும் கேட்கும்போதே, "நான் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் இந்தத் தொகை இன்ன அமைப்புக்குப் போய்ச் சேரும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஓட்டத்துக்குப் பிறகு கேட்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஓடி முடித்தவருக்கு வாழ்த்துதான் வரும், பணம் வராது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

அடுத்தது தூரம். நம் ஊர்களில் ஐந்து கிலோமீட்டரையும் மாரத்தான் என்றே சுவரொட்டி ஒட்டுகிறார்கள். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டரிலிருந்து ஏழு மாதத்தில் அதற்குத் தாவுவது முடியாத காரியமல்ல. ஆனால் அதற்கு முன் 30 கிலோமீட்டர்வரை நீளும் லாங் ரன்கள் சிலவற்றையாவது ஓடியிருக்க வேண்டும். பள்ளி வேலையோடு, மதுரை வெயில் ஏறுமுன் நான்கரை மணிக்கே கிளம்பி, மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டு வந்து சமையலறையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து பெரும்பாலும் தீர்ந்து, கால் கனத்துப்போகும். அந்தக் கட்டத்தை முதன்முதலாகப் போட்டி நாளன்று, அண்ணியின் நினைவையும் சுமந்துகொண்டு சந்திக்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்த ஆண்டு 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பதிவு செய்யுங்கள். நாற்பதைக் கடந்துவிட்டதால் மருத்துவரிடம் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொண்டு தொடங்குங்கள். வழியில் தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆளைச் சாய்த்துவிடும்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓடுவதால் யாருக்கும் நோய் தீராது. பதிவுக் கட்டணம், ஷூ, ரயில் டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் சேர்ந்து திரட்டும் தொகையை நெருங்குமானால், அவர் சொன்னபடி நேராகக் கொடுத்துவிடுவதே முறை. அந்தச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். நன்கொடையில் ஒரு ரூபாய்கூட அதற்குத் தொடக்கூடாது. ஆனால் உங்களால் தனியாக ஐயாயிரம் கொடுக்க முடியும் என்றால், ஐம்பது பேரிடம் கேட்டால் ஐம்பதாயிரம் சேரலாம். கேட்பதற்கு ஒரு காரணத்தையும் ஒரு தேதியையும் ஓட்டம் தருகிறது. அதன் பயன் அவ்வளவுதான், அது சிறிய பயனும் அல்ல.

எதற்காகக் கேட்பது என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ரயிலில் படுக்கை வகுப்பில் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு சலுகையும் உண்டு. ஆனால் கதிர்வீச்சு என்பது வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான் என்றாலும், அந்த நிமிடங்களுக்காகக் குடும்பமே ஊரை விட்டு வந்து கிடக்க வேண்டியிருக்கிறது. நாள் வாடகை அறை, கைப்பிள்ளையோடு வெளியில் வாங்கும் இட்லிப் பொட்டலம், ஊரில் ஓடாமல் நிற்கும் ஆட்டோ ஆகியவற்றுக்குப் பொதுவாகக் காப்பீட்டில் இடமில்லை. பொதுவாக "புற்றுநோய்க்கு உதவுங்கள்" என்று கேட்காமல், "சிகிச்சைக்கு வந்து தங்கும் ஒரு குடும்பத்தின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்" என்று கேளுங்கள். நோயாளிகளின் குடும்பங்களுக்குத் தங்குமிடம் தரும் அமைப்புகளும், ஏழை நோயாளிகளுக்கெனத் தனி நிதி வைத்திருக்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. தேர்ந்தெடுத்த இடத்துக்கு ஒருமுறை நேரில் போய், இந்தச் செலவுக்கென்றே ஒதுக்குவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் உங்கள் ஜிபே எண்ணுக்கு வரவே கூடாது. நன்கொடையாளர் நேரடியாக அந்த அமைப்பின் கணக்கில் செலுத்தி, ரசீதை அங்கிருந்தே பெறட்டும்; நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவராயின், வெளிநாட்டு நன்கொடை பெறப் பதிவு பெற்ற அமைப்புக்கு மட்டுமே, அதற்கென உள்ள கணக்கில், அவர் அனுப்ப முடியும்.

கூச்சத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அவர் பலரிடமும் கேட்டுக் கேட்டு எழுப்பியது. வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டால் கைகூப்பும் பொம்மைகள்தான் வரிசையாக விழும். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியே எழுதுங்கள், தொகையையும் சொல்லுங்கள். கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாய் என்றால் 21 கிலோமீட்டருக்கு 1,050. இயலாதவர் ஒரு கிலோமீட்டருக்குக் கொடுக்கட்டும். பதில் வராதவரிடம் ஒரே ஒருமுறை நினைவூட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

படம் குறித்து முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் அண்ணன்; பிள்ளைகள் விவரம் தெரிந்த வயதில் இருந்தால் அவர்களும்கூட. தாயின் நோய்க்காலப் படம் வகுப்புத் தோழியின் கைப்பேசியில் வந்து நிற்பதை எந்தப் பிள்ளையும் விரும்பாது. அவர்கள் சம்மதித்தாலும், தலைமுடி கொட்டிய நாள்களின் படம் வேண்டாம். அண்ணி தாமே விரும்பி எடுத்துக்கொண்ட படம் ஒன்று வீட்டில் இருக்கும். சம்மதிக்காவிட்டால், "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று எழுதினாலே போதும். கடனோடு நிற்கும் அண்ணனுக்கும் உதவ நினைத்தால் அதைத் தனியாக, குடும்பத்துக்குள் செய்யுங்கள். இரண்டும் கலந்தால் நாளை உறவுக்குள் பேச்சு வரும்.

அண்ணனிடம் பேசிய பிறகு ஒரு தாளில் 21 பேரின் பெயரை எழுதுங்கள். முதல் பெயர் உங்கள் கணவருடையதாக இருக்கட்டும். நேராகக் கொடு என்று சொன்னவர் அவர்தானே.