பெரியப்பாவின் லென்ஸ் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். போன வருடம் என் பெரியப்பா தவறிவிட்டார். அவருடைய அலமாரியைக் காலி செய்தபோது ஒரு தோல் பை கிடைத்தது. கேமராவைக் காணோம், லென்ஸ்கள் மட்டும் இரண்டு. ஒன்று நிக்கோர் 105 மி.மீ. எஃப் 2.5. இன்னொன்று சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4, பின்பக்கம் திருகு மரை இருக்கிறது. என்னிடம் இருப்பது நிக்கான் டி5300. நிக்கோரை மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் லென்ஸ் மாட்டப்படவில்லை என்று திரையில் வருகிறது, ஷட்டரை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது கெடுத்துவிட்டேனா? டாக்குமாருக்கு அடாப்டர் தேடினால் உள்ளே கண்ணாடி வைத்தது, வைக்காதது என்று இரண்டு வகை இருக்கிறது. எதை வாங்குவது? அந்த லென்ஸ் வேறு உள்ளே மஞ்சளாக இருக்கிறது. கடைசியாக ஒன்று. "பழைய கண்ணாடியில்தான் உயிர் இருக்கு, கூட வந்த கிட் லென்ஸை வித்துடு" என்கிறார் நண்பர். விற்றுவிடலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

எதையும் கெடுக்கவில்லை. பயப்படாதீர்கள். அந்த 105-இல் சிப் கிடையாது, கேமராவோடு பேச அதற்கு வாய் இல்லை. எதிர்முனையில் யாரும் பேசவில்லை என்றதும் உங்கள் கேமரா லென்ஸே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. மேலே இருக்கிற டயலை எம்முக்கு, அதாவது எல்லாவற்றையும் நாமே வைக்கிற மேனுவல் மோடுக்கு, திருப்புங்கள், ஷட்டர் வேலை செய்யும். மற்ற எந்த மோடிலும் செய்யாது.

எம்முக்குப் போனாலும் டி5300 உங்களுக்கு வெளிச்சத்தை அளந்து சொல்லாது. டி7000, டி700 மாதிரியான நிக்கான் கேமரா உடல்களில் லென்ஸின் விவரத்தை மெனுவில் பதிந்துவிட்டால் மீட்டர் வேலை செய்யும், உங்களுடையதில் அந்த வசதி இல்லை. அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழைகிற துளையின் அளவை, லென்ஸ் வளையத்தில் வையுங்கள் (எஃப் எண் சிறியதானால் துளை பெரியது), ஷட்டர் வேகத்தைக் கேமராவில் வையுங்கள், ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், திருத்துங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஃபிலிம்காரர்களின் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) எண்தான். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200 நொடி, அதையே எஃப் 8-க்குக் கொண்டுவந்தால் 1/800. இரண்டு நாளில் கை பழகிவிடும். வெளிச்சம் மாறாத இடத்தில் இது ஆட்டோவைவிட நிம்மதிகூட, ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் கறுப்புச் சட்டைக்காரர் வந்தாலும் வெள்ளைச் சட்டைக்காரர் வந்தாலும் எக்ஸ்போஷர் ஆடாது.

ஒரு எச்சரிக்கை, உங்களுக்கு இல்லை, உங்கள் நண்பருக்கு. இந்த லென்ஸை அவருடைய கேமராவில் மாட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் அது ஏஐ வகைதானா என்று பாருங்கள். இன்று ஊரெல்லாம் பேசுகிற ஏஐ இல்லை, 1977-இல் நிக்கான் கொண்டுவந்த ஏஐ, லென்ஸின் அதிகபட்ச அப்பர்ச்சரைக் கேமரா தானாகவே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு. அதற்கு முந்தைய லென்ஸை, மவுன்ட் (லென்ஸ் மாட்டுகிற வாய்) ஓரத்தில் குட்டி நெம்புகோல் துருத்தி நிற்கிற உடல்களில் திருகினால் அந்த நெம்புகோல் ஒடிந்துபோகலாம். அடையாளம் சுலபம். அப்பர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக, பெரியதும் சிறியதுமாக இருந்தால் ஏஐ. ஒரே வரிசை என்றால் பழசு. உங்கள் டி5300-இல் அந்த நெம்புகோலே கிடையாது என்பதால் எது மாட்டினாலும் ஆபத்தில்லை. விலை குறைந்த உடலுக்கு இப்படியும் ஒரு லாபம்.

அடுத்து டாக்குமார். எம்42 என்கிற திருகு மவுன்ட் அது. 1949-இல் வந்த கான்டாக்ஸ் எஸ் காலத்துச் சமாச்சாரம். எந்த எஸ்எல்ஆரிலும் (உங்களுடையதைப்போல லென்ஸ் வழியாகவே கண்ணாடி மூலம் பார்க்கிற கேமரா) மவுன்டின் முகத்துக்கும் ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் நடுவே ஒரு நிலையான தூரம் உண்டு. எம்42-இல் அது 45.46 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. உங்கள் கேமராவில் இந்த லென்ஸ் உட்கார வேண்டிய இடத்தைவிட ஒரு மி.மீ. முன்னால்தான் உட்காரும். ஒரு மி.மீ.தானே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸை ஒரு மி.மீ. முன்னால் தள்ளினால் வளையத்தை இன்ஃபினிட்டியில் (எட்டாத தூரத்துக்கான குறியில்) வைத்தாலும் ஃபோகஸ் ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். அடாப்டரின் தடிமன் சேர்ந்தால் அதுவும் குறையும். கண்ணாடி வைத்த அடாப்டர் இன்ஃபினிட்டியை மீட்டுத் தரும் என்பது உண்மை. ஆனால் நல்ல லென்ஸுக்குப் பின்னால் சுமாரான கண்ணாடி ஒன்றை ஒட்டுவதற்கு அது சமம், அதிலும் எஃப் 1.4-இல் படம் பனி மூடினாற்போல் ஆகிவிடும். நான் கண்ணாடி இல்லாததைத்தான் சொல்வேன். பூ, பூச்சி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் முகம் என்று அந்த இரண்டு மீட்டருக்குள்ளேயே பிழைத்துக்கொள்ளலாம். அடாப்டரில் மாட்டிய பிறகு லென்ஸிலிருக்கும் ஏ/எம் ஸ்விட்சை எம்மில் வையுங்கள், இல்லாவிட்டால் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் அப்பர்ச்சர் மூடாது. கேனான் இஎஃப்பில் தூரம் 44 மி.மீ., அதில் இந்த லென்ஸ் சாதா அடாப்டரிலேயே இன்ஃபினிட்டிவரை போகும். பென்டாக்ஸில் கேட்கவே வேண்டாம், 1975-இல் கே மவுன்டுக்கு மாறியபோதும் அதே 45.46-ஐ வைத்துக்கொண்டார்கள், அப்போது கையில் இருந்த திருகு லென்ஸ்களைத் தூக்கி எறிய வேண்டாம் என்று யோசித்த புண்ணியவான்கள்.

மஞ்சள் நிறம் அழுக்கு இல்லை, துடைத்துப் பார்க்காதீர்கள். அந்த எஃப் 1.4 டாக்குமாரின் பெரும்பாலான பிரதிகளில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. ஒளியை நன்றாக வளைக்கும், நிறங்களை அதிகம் சிதறடிக்காது என்பதற்காகச் சேர்த்தார்கள். தோரியத்தின் கதிரியக்கமே அந்தக் கண்ணாடியை வருடக்கணக்கில் மெல்ல மஞ்சளாக்கிவிடுகிறது. ஜன்னலோரம் வெயில் படும்படி சில வாரம் வைத்தால் புற ஊதாக்கதிர் பட்டு வெளுக்கும். லென்ஸ் வழியாக வெயில் குவிந்து மேசை கருகாதபடி ஒரு முனையில் மூடி போட்டு வையுங்கள். டிஜிட்டலில் ஒயிட் பேலன்ஸே (கேமரா நிறத்தைச் சரிசெய்கிற ஏற்பாடு) பாதி மஞ்சளை எடுத்துவிடும் என்பதால் அவசரமில்லை. படம் எடுப்பவருக்கு இந்தக் கதிரியக்கத்தால் பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடியைத் தேய்த்துப் பொடியாக்காமல் இருந்தால் போதும்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் மாட்டிக்கொள்ளப்போவது அங்கேதான். பழைய லென்ஸில் எடுத்த படம் மங்கலாக வந்தால் எல்லோரும் லென்ஸைத் திட்டுகிறார்கள், பத்தில் எட்டு முறை குற்றவாளி வியூஃபைண்டர்.

ஃபிலிம் எஸ்எல்ஆரின் ஃபோகஸ் திரை நடுவில் ஒரு வட்டம் இருக்கும், பாதியாகப் பிளந்தது. ஜன்னல் கம்பி ஒன்றைப் பார்த்தால் வட்டத்துக்குள் கம்பி இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும், வளையத்தைத் திருப்பத் திருப்ப மேல்துண்டும் கீழ்த்துண்டும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டியதும் படம் எடுத்துவிடலாம். உங்கள் கேமராவில் அந்த வட்டம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற காட்சியும் சிறியது. அதோடு திரையே வேறு மாதிரி. எஃப் 3.5, 5.6 என்று இருட்டான ஜூம்களிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று செய்தது அது. விளைவு, எஃப் 1.4-இல் வைத்துப் பார்த்தாலும் அது ஏறக்குறைய எஃப் 2.8 காட்டுகிற ஆழத்தைத்தான் காட்டும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தது படத்தில் கூர்மையாக இருக்காது. இரண்டு மீட்டர் தூரத்தில் உங்கள் 105-ஐ எஃப் 2.5-இல் திறந்தால் கூர்மையாக விழுகிற ஆழம் மூன்றரை செ.மீ. சொச்சம்தான், கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இருக்கிற தூரம். முதல் வாரம் தூங்குகிற பூனை ஒன்றை முப்பது படம் எடுத்தேன், எல்லாவற்றிலும் கண்ணுக்குத்தான் ஃபோகஸ் வைத்ததாக நினைப்பு. கணினியில் திறந்தால் ஒன்றில் மீசை, ஒன்றில் காது, ஒன்றில் பூனைக்குப் பின்னால் இருந்த போர்வையின் நூல், அது மட்டும் இழை இழையாக அவ்வளவு துல்லியம். கண் கிடைத்தது நான்கே படத்தில்.

வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும், அது உங்கள் 105-க்கும் எரியும். உதவும், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். வளையத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பினாலும் எரிந்துகொண்டேதான் இருக்கும். நம்ப வேண்டியது லைவ் வியூவை, பின்பக்கத் திரையில் காட்சியைப் பார்க்கிற முறையை. கேமராவை முக்காலியில் வையுங்கள், அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, திரையில் தெரிகிற ஃபோகஸ் கட்டத்தை இமை முடிமேல் வைத்துப் பெரிதாக்கும் பட்டனை அழுத்துங்கள். வளையத்தை ஃபோகஸைத் தாண்டிப் போகவிட்டுத் திரும்பி வாருங்கள், தாண்டிப் பார்த்தால்தான் உச்சம் எது என்று தெரியும். அப்புறம் வேண்டிய அப்பர்ச்சருக்கு மூடி எடுங்கள். ஆட்டோஃபோகஸ் லென்ஸில் விரல் நுனி அசைந்தாலே ஃபோகஸ் ஓடிவிடும், பழைய லென்ஸில் அரைவட்டம்போலத் திருப்பலாம், எண்ணெயில் திரும்புவதுபோல வழுக்கிக்கொண்டு வரும், நுணுக்கமாக நிறுத்தலாம். எனக்கு இந்த லென்ஸ்கள் பிடித்துப்போனது அந்தத் திருகலுக்காகத்தான் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஓடி விளையாடும் குழந்தைக்கு இதெல்லாம் ஆகாது.

கண்ணாடியில் உயிர் இருக்கிறதா என்றால், நண்பரோடு சண்டைக்கு வரவில்லை. ஸ்டீவ் மெக்கரி 1984-இல் எடுத்த அந்த ஆப்கன் சிறுமியின் படம் நிக்கோர் 105 எஃப் 2.5-இல் எடுத்ததுதான், உங்கள் கையில் இருப்பது லேசுப்பட்ட லென்ஸ் இல்லை. உங்கள் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது, லென்ஸின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது, ஓரத்துப் பலவீனம் வெட்டுப்பட்டுப் போகிறது. பதிலுக்கு 105 ஏறக்குறைய 158 மாதிரி நடந்துகொள்ளும், அறைக்குள் சுவரில் முதுகு முட்டும். பிரகாசமான வானத்துக்கு எதிரே மரக்கிளை இருந்தால் விளிம்பில் ஊதா நிறம் கசியும். இன்னொன்று டிஜிட்டலில் மட்டும் வருவது. ஃபிலிம் அவ்வளவாக மினுங்காது, சென்சார் கண்ணாடி மினுங்கும். அதில் பட்ட ஒளி திரும்பிப் போய் லென்ஸின் பின்கண்ணாடியில் பட்டு மறுபடியும் சென்சாருக்கே வந்து, சில லென்ஸ்களில் நடுவில் வெளிறிய வட்டம் போட்டுவிடும். லென்ஸின் முன்னால் ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் வளையம்) மாட்டுங்கள், பெரும்பாலும் தப்பிக்கலாம். இதைத்தான் சிலர் உயிர் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். கிட் லென்ஸை விற்காதீர்கள். அகலமாக எடுக்க உங்களுக்கு வேறு வழியே இல்லை.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தில் தெரியாது, நடுவில் என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். நிக்கோரின் பின்னால் ஒரு சிறு நெம்புகோல், டாக்குமாரின் பின்னால் ஒரு ஊசிமுனை. அதை விரலால் தள்ளிவிட்டால் அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று அசைந்து நிற்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது. என்னுடைய 135 மி.மீ. ஒன்றில் அப்படித்தான் ஆனது, எல்லாப் படமும் வெளுத்துப்போய் வந்தது. இதிலென்ன பெரிய வித்தை என்று நானே அப்பர்ச்சர் வளையத்தைக் கழற்றினேன். அந்த 'டிக் டிக்' சத்தத்துக்குக் காரணம் கடுகளவு இரும்புக் குண்டு ஒன்று, அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், அது தெறித்து உருண்டு போகிற சத்தத்தில். இன்னும் கிடைக்கவில்லை. அந்த வளையம் இப்போது சத்தமில்லாமல் சுற்றுகிறது. நீங்கள் கழற்ற வேண்டாம்.

105-இல் எடுக்கிற முதல் படங்களை அனுப்புங்கள், மங்கலாக இருந்தாலும் சரி. என்ன அப்பர்ச்சரில் எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், கேமரா அதைப் பதிந்து வைத்திருக்காது.